புகையிலைக் கரைசலும் பார் சோப்பும்

ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் தோட்டத்தில் காய்கறி, வீட்டில் பீடி. சுளகில் மிஞ்சும் புகையிலைத் தூளுக்கு இந்த ஊர்களில் பஞ்சமில்லை. அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் புகையிலைக் கரைசல் அடிக்கும் பழைய முறை இங்கே எளிதில் பொருந்துவது அதனால்தான்.

அரைக் கிலோ புகையிலைக் கழிவை 4.5 லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டி, 120 கிராம் பார் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 6 முதல் 7 மடங்கு தண்ணீர் விட்டுத் தெளிக்க வேண்டும். வேளாண் நூல்கள் சொல்லும் அளவு இது. செலவு சொற்பம். நிக்கோடின் பூச்சியின் நரம்பைத் தாக்கிச் சீக்கிரம் கொல்கிறது. வெயிலில் சில நாளில் சிதைந்தும் போகிறது. அதே நரம்பு ஏற்பியைக் குறிவைக்கும் ரசாயனப் பூச்சிக்கொல்லியான இமிடாகுளோபிரிட் மண்ணில் மாதக்கணக்கில் தங்கிவிடும். இந்த ஒப்பீட்டில் கரைசல் மேலானது என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆனால் அந்த சோப்பைக் கவனியுங்கள். கரைசல் இலையில் பரவி ஒட்ட அது உதவுகிறது. அதன் காரத்தன்மை நிக்கோடினை உப்பு நிலையிலிருந்து விடுவித்து, பூச்சியின் தோலுக்குள் எளிதாக நுழைய வைக்கிறது. மனிதத் தோலுக்குள்ளும் அப்படித்தான். நாள் முழுதும் தூளை அளைந்ததில் பீடி சுற்றும் பெண்ணின் உடம்பில் ஏற்கெனவே நிக்கோடின் ஏறியிருக்கிறது. உறையில்லாத அதே கையால் கரைசலையும் பிழிந்து வடிகட்டினால் தலைசுற்றலும் வாந்தியும் வரக்கூடும். மின் சிகரெட்டையே 2019இல் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டில், அதன் திரவத்தில் இருக்கும் அதே நிக்கோடினை அடுப்படிப் பாத்திரத்தில் இறக்கி, இயற்கை மருந்து என்று குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பயிருக்கும் ஆபத்து உண்டு. காய்ந்த புகையிலையிலும் தேமல் நச்சுயிரி உயிரோடிருக்கும். ஊறவைத்த நீர் வழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றலாம். நன்றாகக் கொதிக்க வைத்தால் நச்சுயிரி அழியும், ஆனால் ஆவியோடு கிளம்பும் நிக்கோடினை அடுப்பருகே நிற்பவர் சுவாசிப்பார். புகையிலைக்குப் புகையிலை நிக்கோடின் அளவு மாறுவதால், போன தடவை கலந்த அளவை நம்பி அடிக்கவும் முடியாது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்தே சாகிறது.

இயற்கை விவசாயத்தைப் பரப்பும் சுபாஷ் பாலேக்கரின் அக்னி அஸ்திரம் என்ற பூச்சி மருந்திலும் புகையிலை இருக்கிறது என்பார்கள். அங்கேயும் அது நஞ்சுதான். அசுவினி தென்பட்டதும் முதலில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும், தக்காளியும் மிளகாயும் இல்லாத பாத்தியில், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு புகையிலைக் கரைசலை எடுக்கலாம்.