பின் ஒன்று, கேபிள் வேறு

போன வாரம் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு கேபிள் கேட்டேன். "என்ன பின் சார்?" "ரெண்டு பக்கமும் சி." உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, ஸ்கேன் செய்து வைத்திருந்த பழைய இதழ்கள் 200 ஜிபியை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் ஒன்றரை மணி நேரம் ஆச்சு. எஸ்எஸ்டியோடு வந்த கேபிளைத் தேடிப் பிடித்துப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான்.

யுஎஸ்பி மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் இந்தப் புகார். 1990களின் கணினிக்குப் பின்னால் பிரிண்டருக்கு 25 பின் பேரலல் போர்ட், மோடத்துக்கு சீரியல் போர்ட், கீபோர்டுக்கும் மவுஸுக்கும் பிஎஸ்/2. எதை மாற்றினாலும் கணினியை அணைத்துப் போடணும். பரோடாவில் படித்து இன்டெலில் சேர்ந்த அஜய் பட்டும் மற்றவர்களும் உருவாக்கிய யுஎஸ்பி 1.0, 1996 ஜனவரியில் வந்தது. அதன் பெரிய சாதனை துளையின் வடிவம் அல்ல. சொருகிய கருவி 'நான் இன்னார்' என்று தானே சொல்லும், கணினி அதற்கு ஒரு முகவரி கொடுக்கும். இப்படி 127 கருவிகள் வரை சேர்க்கலாம். நமக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பழைய பின்னைத் திருப்பிச் சொருக முடியாது என்று எல்லாரும் திட்டினோம். இருபுறமும் சொருகும்படி செய்தால் செலவு கூடும் என்பதால்தான் அப்படி விட்டதாக அஜய் பட்டே பிறகு விளக்கினார். 2014இல் வந்த டைப்-சி அதைச் சரிசெய்தது. ஆனால் ஒரே வடிவத்துக்குள் 480 மெகாபிட் கேபிளும் 40 கிகாபிட் கேபிளும் வந்துவிட்டன. நம்ம ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஐபோன் 15க்கு 2023இல் சி பின் வந்தது. சாதாரண மாடலின் வேகம் மட்டும் 2000இல் வந்த யுஎஸ்பி 2.0இன் அதே 480 மெகாபிட்.

பெயர்கள் இன்னும் மோசம். 2008இன் யுஎஸ்பி 3.0, பிறகு 3.1 ஜென் 1 ஆகி, அப்புறம் 3.2 ஜென் 1 ஆனது. பொருள் அதேதான்!

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் டைப்-சிக்குத் தரம் வெளியிட்டது. 2024 டிசம்பர் முதல் ஐரோப்பாவில் புதிய போன்களுக்கு அது கட்டாயம். நல்லதுதான், சார்ஜர் குப்பை குறையும். ஆனால் கடையில் தொங்கும் கேபிளைப் பார்த்து அதன் வேகத்தைச் சொல்ல முடியவில்லையே! வேகமான சி கேபிளுக்குள் தன் திறனைச் சொல்ல ஒரு சிறு சிப் இருக்கிறது. அது கணினியிடம் சொல்கிறது, வாங்குகிறவரிடம் சொல்வதில்லை. அந்தச் சிப் சொல்வதைக் கேபிள் மேலேயே பெரிதாக அச்சடித்தால் போதும்.

அதுவரை என் வீட்டுக் கேபிள்களில் பேப்பர் டேப் ஒட்டி, வேகத்தைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.