படத்தைப் படிக்கும் கணினியும் படிக்காத தமிழும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டர் விவரம் வாட்ஸ்அப்பில் படமாக வந்து சேர்கிறது. மெர்ச்சண்டைசர் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய பகுதியை வெட்டியெடுத்து, அதிலுள்ள எழுத்துகளை நகலெடுத்து எக்ஸெலில் ஒட்டிவிடுகிறார். ஸ்டைல் எண்ணையும் அளவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலுக்கு 2023-ல் இந்த வசதி வந்தது. ஆப்பிள் 2021-லேயே லைவ் டெக்ஸ்ட் என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதே மேசையில் கிடக்கும் தமிழ் நோட்டீஸைப் படமெடுத்து அதே விசைகளை அழுத்தினால் உருப்படியாக ஒரு வரிகூடத் தேறாது.

இந்த வசதியின் பெரிய நன்மை வேகம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வேலை முழுவதும் நம் கணினிக்குள்ளேயே முடிந்துவிடுவது. படம் வெளியே எந்த சர்வருக்கும் போவதில்லை; இணையம் இல்லாவிட்டாலும் நடக்கும். வாடிக்கையாளரின் விலைப்பட்டியலோ வங்கிக் கணக்கு எண்ணோ பிறர் கைக்குப் போகாது.

தமிழருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. விண்டோஸ் நெடுங்காலமாக வைத்திருக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) மொழிப் பட்டியலில் பல்கேரியன் உண்டு, ஸ்லோவேனியன் உண்டு. தமிழ் மட்டுமல்ல, இந்திய மொழி எதுவுமே கிடையாது. லைவ் டெக்ஸ்ட் 7 மொழிகளோடு அறிமுகமானது, அதிலும் நாம் இல்லை. எனவே நாம் கூகுள் லென்ஸுக்கோ கூகுள் டிரைவுக்கோ போகிறோம். தெளிவாக அச்சான தமிழ்ப் பக்கத்தை டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் பெரும்பகுதி சரியாகவே வந்துவிடுகிறது. தமிழுக்கு இது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, குடும்ப வழக்கின் மனு எல்லாம் இப்படித்தான் வேறொருவரின் சர்வருக்குப் போகின்றன. ஆங்கிலப் பத்திரம் வைத்திருப்பவருக்கு வீட்டுக்குள் முடியும் காரியத்துக்குத் தமிழ்ப் பத்திரம் வைத்திருப்பவர் அந்தரங்கத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் என் முதன்மையான குறை.

இன்னொரு பக்கம், படத்திலிருந்து நகலெடுக்கும் தேவை ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே அதிகம். கோவை காந்திபுரத்து டிடிபி கடைகளில் ஆண்டுக்கணக்காகத் தட்டச்சான மலர்கள், தல வரலாறுகள், நினைவேடுகள் எல்லாம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றின் பிடிஎஃப்-இலிருந்து நேரடியாக நகலெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் வந்து விழும். ஒருங்குறியில் செய்த பிடிஎஃப்-களிலும் கொம்பும் காலும் இடம் மாறுவது வழக்கம். பக்கத்தைப் படமாக்கி, எழுத்துணரிக்குக் கொடுத்தால் இதைவிட நல்ல பிரதி கிடைக்கிறது.

பழைய அச்சுக்குப் போனால் சிக்கல் கூடுகிறது. ஈரோட்டிலிருந்து வெளிவந்த குடி அரசு இதழில் 1935-லேயே பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார்; தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978-ல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொங்கு நாட்டு அச்சகங்களிலிருந்து இரண்டு வகை எழுத்தும் வெளிவந்தன. துதிக்கை போட்ட லை, னை, சுழித்த ணா, றா ஆகியவற்றைப் புதிய எழுத்துருக்களில் பயின்ற கருவி தடுமாறித்தான் படிக்கிறது. கோவை சி.கே.சுப்பிரமணிய முதலியாரின் பெரிய புராண உரை போன்ற நூல்களில் செய்யுள், உரை, குறிப்பு என எழுத்தளவும் மாறிக்கொண்டே இருக்கும். கையெழுத்துப் பத்திரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தடுமாற்றம் கண்ணுக்குத் தெரிந்தால் திருத்திவிடலாம். நான் அஞ்சுவது தெரியாத பிழைக்கு. ௧ என்ற தமிழ் எண்ணும் க என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. ௭-ம் எ-யும், ௨-ம் உ-வும் அப்படியே. பழைய ஆவணத்தின் எண் எழுத்தாகிவிட்டால் திரையில் எந்த வேறுபாடும் தெரியாது, ஆனால் கணினிக்கு அங்கே எண்ணே இல்லை. ஔகாரக் குறியின் இறுதிப் பகுதியும் ளகரமும் இப்படித்தான். கோவை வடக்கில் ஓடி நொய்யலில் சேரும் கௌசிகா நதியைத் தேடுபவருக்கு, ளகரம் புகுந்த ‘கெளசிகா’ இருக்கும் பக்கங்கள் அகப்படாமல் போகலாம். நதி ஆவணத்தில் இருக்கும், தேடலில் இருக்காது.

சூழலைப் பார்த்து ஊகிக்கும் புதிய கருவிகளில் வேறோர் ஆபத்து உண்டு. ‘வள்ளம்’ கொங்கு நாட்டின் பழைய நில அளவை. அதை அறியாத கருவி ‘வெள்ளம்’ என்று மாற்றிவிடலாம். சொல் பிழையற்றதாக இருப்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுகொள்ளாது. வட்டாரச் சொற்கள் நிறைந்த பிரதிகளில் எண்ணையும் பெயரையும் அளவையையும் மூலப் படத்தோடு ஒப்பிடாமல் யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதைத் தமிழ் விக்கிமூலம் ஒழுங்காகச் செய்கிறது. அங்கே நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவும் எழுத்துணரி வழியேதான் எழுத்தாகியுள்ளன. ஆனால் பக்கத்தின் படமும் எழுத்தும் அருகருகே நிற்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. பிரதி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை வாசகரிடம் மறைப்பதில்லை. உள்ளூர் வரலாறு திரட்டும் கொங்கு ஆர்வலர்கள் நகலெடுத்த பத்தியை மட்டும் முகநூலில் போட்டுவிட்டுப் படத்தை விட்டுவிடும்போது, இந்தச் சோதனைக்கான வழியே அடைபட்டுவிடுகிறது.

கணினிக்குள்ளேயே தமிழைப் படிக்க வைக்க முடியாது என்பதும் உண்மையல்ல. எச்.பி. நிறுவனத்தில் 1985-ல் தொடங்கி, 2005-ல் திறந்த மூலமான டெசராக்ட் தமிழைப் படிக்கும், இணையமே வேண்டாம். லினக்ஸில் தமிழ்த் தரவுத் தொகுப்பைச் சேர்த்தால் போதும். பழைய அச்சில் கூகுளின் தரம் இதற்கு வருவதில்லை, கட்டளை வரியைக் கண்டு பலர் ஒதுங்குகிறார்கள். ஆனாலும் பத்திரத்தைப் படிக்க நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அரசு கேட்டால் மென்பொருள் உலகம் செவிசாய்க்கும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. 2025 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாக அறிவிப்பு வந்தது. இதுபோன்ற பெரிய கொள்முதலின் டெண்டரில், இணையமின்றித் தமிழ்ப் படத்தைப் படிக்கும் வசதி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தால் விற்பவர் மறுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் தராவிட்டால் டெசராக்டையாவது நிறுவித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.