மரியா கற்ற எழுத்து

தொலைக்காட்சி நெடுந்தொடர் என்றாலே முகம் சுளிப்போர் கூட்டத்தில் நாமும் நெடுங்காலம் இருந்தோம். பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் பானமெரிக்கானா நிலையம் 1969 முதல் 1971 வரை ஒளிபரப்பிய ‘சிம்ப்ளமெந்தே மரியா’ என்னும் ஸ்பானிய மொழித் தொடரின் வரலாறு, அக்கருத்தைச் சற்றே திருத்திக்கொள்ளச் செய்தது. ‘வெறும் மரியா’ என்பது தலைப்பின் பொருள். சொல்லிக்கொள்ளக் குடிப்பெருமை ஏதுமற்றவள் என்பது குறிப்பு.

அர்ஜென்டினாவின் செலியா அல்காந்தரா எழுதிய கதை இது. நாட்டுப்புறப் பெண்ணொருத்தி வீட்டு வேலைக்காக நகரம் வருகிறாள். செல்வர் வீட்டு மாணவனை நம்பி ஏமாந்து, கைக்குழந்தையோடு தனித்து நிற்கிறாள். இதுவரை புதுமையில்லை, எந்நாட்டுக் கண்ணீர்க் கதையிலும் காண்பதே. பின்னர்தான் கதை நிமிர்கிறது. அவள் எழுத்தறிகிறாள், தையல் பழகுகிறாள். சாபி காமலிச் மரியாவாகவும், ரிக்கார்தோ புளூமே ஆசிரியர் எஸ்தேபனாகவும் நடித்தனர்.

பயன் பெரிது. வேலைக்காரப் பெண்கள் பலர் மாலை வகுப்புக்குச் செல்ல எசமானியரிடம் அனுமதி கேட்டனர் என்று ஆய்வாளர் எழுதுகின்றனர். சிங்கர் தையல் இயந்திர விற்பனையும் உயர்ந்ததாம். (கதை எவருடையதாயினும், வணிகர் தம் பங்கை மறப்பதில்லை!)

இவ்விளைவை ஆராய்ந்த மெக்சிகோவின் மிகெல் சபிதோ, திட்டமிட்டே கல்வி புகட்டும் ‘வேன் கொன்மிகோ’ என்னும் தொடரை 1975இல் தொடங்கினார். முதியோர் கல்விக்குப் பெருங்கூட்டம் திரண்டது. அவ்வழியைப் பின்பற்றியே நம் நாட்டில் 1984இல் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ தொடரை ஒளிபரப்பியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி அறிவுரை கூறுவார். மரியாவுக்கோ அத்தகைய உரையாளர் தேவைப்படவில்லை. எழுத்து அவளுக்குப் பசியைப் போன்றதொரு தேவை. அதைக் கண்டவர்க்கும் அப்பசி தொற்றியது. பாடம் நடத்தியே முடி நரைத்த நாம், இவ்விடத்தில் நாணத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பசியை எழுப்பாமலே நாம் பரிமாறிய பாடங்கள் பல.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மரியா புகழ்மிக்க ஆடை வடிவமைப்பாளராகிச் செல்வச் சீமாட்டியாக உயர்கிறாள். எழுத்தறிந்த வேலைக்காரியர் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? தாய் அனுப்பிய கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் தானே படித்து, தானே அழும் உரிமை ஒன்று போதாதா? கல்விக்குச் செல்வத்தைக் கூலியாகக் காட்டியதில் கதாசிரியர் கல்வியின் விலையைக் குறைத்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் லிமாவின் எளியோர் நம்மைப் போலக் கணக்குப் பார்க்கவில்லை. மரியாவுக்கும் எஸ்தேபனுக்கும் திருமணம் நடக்கும் காட்சியை அந்நகரத் தேவாலயம் ஒன்றில் படம்பிடித்தபோது ஆயிரக்கணக்கானோர் கூடினர். நல்லாடை உடுத்தி, மணமக்களுக்குப் பரிசுப் பொருள்களையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்.