ரிஷ்லியூ பெருந்தெருவின் மாளிகை

பிரான்சின் தூரேன் வட்டாரத்தில் உள்ள ரிஷ்லியூ நகரின் பெருந்தெருவில் ஒரே முகப்புள்ள மாளிகைகள் பக்கத்துக்கு 14 வீதம் 28 நிற்கின்றன. பதின்மூன்றாம் லூயி மன்னரின் முதலமைச்சர் கர்தினால் ரிஷ்லியூ தம் முன்னோர் ஊரில் அரண்மனை எழுப்பினார். அதன் அருகே மதில் சூழ்ந்த புதுநகர் அமைக்க 1631-இல் அரசாணை பெற்றார். வரைபடம் தந்தவர் பாரிசில் சொர்போன் தேவாலயத்தைக் கட்டிய ழாக் லெமெர்சியே. நகரம் ஏறத்தாழ 700 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம். பெருந்தெருவின் இரு முனையிலும் சதுக்கங்கள். வீடு கட்ட வந்தவர்களுக்கு மனை இலவசம், வரிவிலக்கும் உண்டு. ஆனால் லெமெர்சியே வரைந்தபடியே கட்ட வேண்டும்.

இந்த நிபந்தனைதான் மாளிகையின் அழகுக்கு வேர். எந்த வீடும் தன் செல்வத்தைத் தெருவில் காட்ட முடியாது. சிற்பம் இல்லை, தூண் வரிசை இல்லை. உயரமான சன்னல்கள், வண்டி நுழையும் பெரிய வாயில், மேலே செங்குத்தாக ஏறும் கருஞ்சாம்பல் பலகைக்கல் கூரை, அதில் மாடச் சன்னல்கள்: இவ்வளவே. சுவருக்கும் சன்னலுக்கும் உள்ள அளவுப் பொருத்தம்தான் இங்கே அலங்காரம். தனியாகப் பார்த்தால் எளிமையாகத் தோன்றும் முகப்பு, வரிசையில் நின்றதும் கம்பீரம் கொள்கிறது. வாயிலைக் கடந்தால் முற்றம், அதற்கும் அப்பால் தோட்டம். குடும்பத்தின் வாழ்க்கையெல்லாம் அந்தப் பக்கம்தான்.

மாளிகைகளைக் கட்டிய கல்லையும் கவனிக்க வேண்டும். துஃபோ எனப்படும் இந்த வெளிறிய சுண்ணாம்புக்கல், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. வெட்டியெடுத்த புதிதில் ரம்பத்தால் அறுக்கும் அளவு மென்மையாக இருக்கும். காற்றுப் பட்டால் மேற்பரப்பு இறுகும். அதனால்தான் கொத்தர்களால் விளிம்புகளை இவ்வளவு கூர்மையாகச் செதுக்க முடிந்தது. மாலை வெயில் அதில் பளீரென்று அடிக்காமல் ஊறியதுபோலத் தங்கும். பிரான்சின் கட்டடக் கற்களில் ஒளியை இத்தனை மென்மையாக ஏந்துவது வேறொன்று உண்டா என்பது ஐயமே.

1642-இல் கர்தினால் இறந்ததும் நகரை வளர்க்கும் கை இல்லாமல் போயிற்று. 1663-இல் அவ்வழி சென்ற கவிஞர் லா ஃபோன்டேன் இந்நகரைப் பற்றி மனைவிக்குக் கடிதம் எழுதினார். அரண்மனை 19-ஆம் நூற்றாண்டில் இடித்து விற்கப்பட்டது. அதன் பூங்கா இன்றும் உண்டு. ஊர் பெருகாததால் மாளிகைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் நெருக்கடி எழவில்லை. பெருந்தெரு அதனால்தான் முழுமையாக எஞ்சியது.

ஆயினும் துஃபோவுக்கு ஈரம் பகை. நுண்துளைகள் நிறைந்த கல். உறிஞ்சிய நீர் பனியில் உறைய, மேல்தோல் செதில் செதிலாக உதிரும். சிமெண்டால் பூசினால் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கல் இன்னும் விரைவாகச் சிதையும். எனவே பழுதுபார்ப்பவர்கள் சிதைந்த கல்லை மட்டும் அகற்றி, அதே கல்லைப் பொருத்தி, இணைப்புகளில் சுண்ணாம்புச் சாந்து இடுகிறார்கள்.