நீலகிரிச் சரிவில் சுமை தூக்க எந்த வண்டி?

2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி லவ்டேலை அடுத்த காந்திநகரில் வீடு கட்ட மண் வெட்டிய இடத்தில் பழைய கட்டடம் ஒன்று சரிந்து, ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். நீலகிரியில் எந்தக் கட்டுமான வண்டியை எடைபோட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு மண்ணை வெட்டச் சொல்கிறது என்பதுதான். வாடகையும் குதிரைத்திறனும் அப்புறம்.

ஒப்பிட வேண்டியவை இரண்டு வண்டிகள். கரடுமுரடான தரைக்கென்று செய்த ஃபோர்க்லிஃப்டுக்குப் பெரிய டயர், முன்னால் மாஸ்ட் என்ற செங்குத்தான தூண். சுமையை நேர் மேலே தூக்கும். இன்னொன்று டெலிஹேண்ட்லர். பூம் என்ற அதன் கை மேலேயும் போகும், முன்னேயும் நீளும். ஜேசிபி இதை 1977-ல் 'லோடால்' என்ற பெயரில் கொண்டுவந்தது.

டெலிஹேண்ட்லருக்காகப் பேசுவோர் அதன் உயரத்தைச் சொல்வார்கள். இந்த மாவட்டத்தில் அது வலுவான வாதமே அல்ல. 7 மீட்டருக்கு மேல் எழும்பும் கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கிற ஊர் இது. இரண்டு தளத்துக்கு மாஸ்ட் வண்டியே எட்டும். வித்தியாசம் முன்னே நீள்வதில்தான். உதாரணமாக, குன்னூரில் ரோட்டோரம் தடுப்புச்சுவர், அதற்கு இரண்டு ஆள் உயரம் கீழே வீட்டு மனை. மாஸ்ட் வண்டி சுமையை வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்க வேண்டும். அதற்குப் பாதை வெட்ட வேண்டும், நிற்கச் சமதளம் வெட்ட வேண்டும். மழை வந்தால் சரிவது அந்த வெட்டுத்தான். டெலிஹேண்ட்லரோ, பூம் நுனியில் வின்ச் மாட்டினால், ரோட்டில் நின்றபடியே சுவரைத் தாண்டிக் கம்பிக் கட்டை இறக்கிவிடும்.

ஆனால் அதன் ஆபத்தும் அதே நீளத்தில்தான் இருக்கிறது. பூம் நீள நீளத் தூக்கும் திறன் மளமளவென்று குறையும். மூன்று டன் வண்டி முழுதாக நீட்டிய நிலையில் மூன்று டன்னைத் தூக்காது. அப்போது வண்டியின் எடையில் பெரும்பகுதியும் சுமையின் எடையும் சேர்ந்து முன் அச்சில் இறங்கும். அந்தச் சக்கரங்களுக்குக் கீழே புதிதாகக் கொட்டிய, ஈரமான செம்மண் இருந்தால் தடுப்புச்சுவரே வெளியே தள்ளப்படும். பக்கச் சாய்வோ இரண்டு வண்டிக்கும் பொது எதிரி. தரை 5 பாகை சாய்ந்தால் 6 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுமை அரை மீட்டர் விலகி நிற்கும். 10 பாகையில் ஒரு மீட்டரைத் தாண்டும். பெரிய டயரைப் பார்த்து அது சரிவிலும் தூக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கரடுமுரடான தரையில் ஓடுவது வேறு, சாய்ந்த தரையில் நின்று தூக்குவது வேறு.

ஃபோர்க்லிஃப்டுக்கும் நியாயமான பக்கம் உண்டு. 2025-ல் பாதுகாப்பு அமைச்சகம் முப்படைகளுக்காக இந்த வகையில் 1,868 வண்டிகளுக்கு ஏஸ், ஜேசிபி நிறுவனங்களுடன் ஒப்பந்தம் போட்டது. பெட்டிகளும் பேலட்டுகளும் புழங்கும் கிடங்குக்கு அது பொருத்தமான தேர்வு. ஆனால் நம் சைட்டுக்குச் செங்கல் உதிரியாகத்தான் வருகிறது, ஜல்லியும் மணலும் குவியலாக வருகின்றன. ஃபோர்க்கால் குவியலை அள்ள முடியாது. டெலிஹேண்ட்லரில் ஃபோர்க்கைக் கழற்றிப் பக்கெட் மாட்டலாம்.

ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத எஞ்சினின் வலு அங்கே குறையும். அதனால் எதை எடுத்தாலும் டர்போ எஞ்சினாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. சரிவில் எழும் பள்ளி, மருத்துவமனை, விடுதி போன்ற பெரிய வேலைக்கு, கெட்டியான ரோடு இருந்தால், டெலிஹேண்ட்லர். ஏற்கெனவே சமப்படுத்திய தேயிலைத் தொழிற்சாலை முற்றத்துக்கும் கிடங்குக்கும் ஃபோர்க்லிஃப்ட். சின்ன வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். வண்டிக்காகப் பாதை வெட்டுவதைவிடக் கை வின்ச்சும் கூடுதல் ஆட்களும் மேல்.

டெலிஹேண்ட்லர் வாடகைக்கு எடுக்கும் மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: எந்த நீளத்தில் எத்தனை கிலோ என்று காட்டும் சுமை அட்டவணை கேபினுக்குள் இல்லையென்றால் அந்த வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.