கணிதப் பயிற்சித்தாள்களின் தமிழ்த் தொடரமைப்பு: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தொடக்கப் பள்ளிக் கணிதத்தின் மொழி பற்றித் தமிழில் நிகழும் ஆய்வுரைகள் பெரிதும் கலைச்சொல்லாக்கத்தைச் சுற்றியே அமைகின்றன. 'சதவீதம்' என்பதா, 'விழுக்காடு' என்பதா என்பன போன்ற வினாக்கள் நெடிது விவாதிக்கப்படுகின்றன. அச்சொற்களைத் தாங்கி நிற்கும் தொடர் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. கலைச்சொற்கள் யாவும் சரியாக இருந்தும் ஒரு தொடர் குழந்தையைத் தவறான கணக்கிற்கு இட்டுச் செல்லக்கூடும். அத்தகைய இடர்களுள் பல மொழிபெயர்க்கும்போதே நீக்கத்தக்கவை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் வேறுபாடு தன்னளவில் பெரிய தடையன்று. தமிழகப் பாடநூல்கள் 'முக்கோணம்', 'நாற்கரம்', 'இயற்கணிதம்' என்று கூறுவனவற்றை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'முக்கோணி', 'நாற்பக்கல்', 'அட்சரகணிதம்' என்று கூறுகின்றன. ஒன்றை அறிந்தவர் மற்றொன்றை ஒருமுறை கேட்டே அறிந்துகொள்வர். தொடரோ அவ்வாறன்று. ஒவ்வொரு கணக்கிலும் அது புதிதாக எதிர்ப்படுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருள் கொள்ளப்பட வேண்டியுள்ளது. 1974-இல் நைரோபியில் யுனெஸ்கோ நடத்திய கருத்தரங்கிற்கு அளித்த கட்டுரையில் ஹாலிடே, கணிதத்திற்குரிய மொழிவகை என்பது கலைச்சொற்களின் தொகுப்பு மட்டுமன்று, பொருள்களும் அவற்றை உணர்த்தும் தொடரமைப்புகளும் சேர்ந்ததே என்று விளக்கினார். அக்கருத்து தமிழ்ப் பாட உருவாக்கத்தில் இன்னும் போதிய இடம் பெறவில்லை.

இங்கு எடுத்தாளப்படும் தொடர்கள், இத்தகைய தாள்களில் பரவலாக வரும் அமைப்புகளைக் காட்டும்பொருட்டுக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை. குறிப்பிட்ட எந்த நூலிலிருந்தும் அவை எடுக்கப்படவில்லை.

2. பாடமும் பயிற்சித்தாளும்

பாடம் ஆசிரியரின் குரலோடு குழந்தையைச் சென்றடைகிறது. தொடர் கடினமாக இருப்பின் ஆசிரியர் அதனைப் பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்கிறார். விரலையும் கரும்பலகையையும் பயன்படுத்துகிறார். பயிற்சித்தாளில் குழந்தை தொடரைத் தனித்தே எதிர்கொள்கிறது. ஆகவே பாடநூலில் பொறுத்துக்கொள்ளத்தக்க தொடர் பயிற்சித்தாளில் பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று.

தமிழகத்தில் இவ்வேறுபாடு நடைமுறை முக்கியத்துவம் உடையது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பாட அட்டைகளைக் குழந்தையின் கையிலேயே கொடுத்தது. 2022-23 கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், குழந்தைகளை 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்னும் நிலைகளில் வைத்து அந்நிலைக்கேற்ற பயிற்சிகளை அளித்தது. நிலையை வகுக்கும் இடத்தில் தொடரின் பிழையும் குழந்தையின் பிழையும் ஒன்றாகவே கணக்கிடப்படுமாயின், கழித்தல் அறிந்த குழந்தை கழித்தல் அறியாத குழந்தையாகப் பதிவு பெறும். தொடரமைப்பைப் பற்றிய இவ்விவாதத்தின் பயன் இங்குத்தான் உள்ளது.

3. வேற்றுமைத் தொடர்களின் வரிசை

பின்வரும் இரு தொடர்களைக் காண்க.

(1) 8-இலிருந்து 3-ஐக் கழிக்க.
(2) 3-ஐ 8-இலிருந்து கழிக்க.

இரண்டும் இலக்கண வழுவற்றவை. இரண்டின் பொருளும் ஒன்றே. வேற்றுமை உருபு பொருளுறவைக் காட்டிவிடுவதால் தமிழில் பெயர்த்தொடர்கள் இடம் மாறி வரலாம். எனினும் கணிதக் குறியீட்டோடு ஒப்பிடும்போது இவை சமமானவையல்ல. (1)-இன் வரிசை '8 − 3' என்னும் எழுத்து வரிசையோடு ஒத்துச் செல்கிறது. (2) அதனைத் தலைகீழாக்குகிறது. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் அமைப்பின் காரணமாகக் கழிக்கப்படும் எண்ணே முதலில் வருகிறது; ஆதலின் ஆங்கில வழிக் குழந்தைக்கு இவ்விடர் தவிர்க்க இயலாதது. தமிழ்க் குழந்தைக்கு இவ்விடர் இயல்பாக இல்லை. மூலத்தின் வரிசையைக் காப்பாற்ற முனையும் மொழிபெயர்ப்பாளரே அதனை உண்டாக்குகிறார். இந்தியிலும் கன்னடத்திலும் இயல்பான வரிசை (1)-ஐ ஒத்ததே. எனவே இக்கருத்து வினை இறுதியில் வரும் பிற இந்திய மொழிகளுக்கும் பொருந்தும்.

பகிர்வைக் குறிக்கும் தொடர்களிலும் இந்நிலையைக் காணலாம்.

(3) 12 மாம்பழங்கள் 4 குழந்தைகளுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டால் ஒவ்வொரு குழந்தையும் பெறும் மாம்பழங்களின் எண்ணிக்கை என்ன?
(4) 12 மாம்பழங்களை 4 குழந்தைகளுக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை கிடைக்கும்?

'ஆளுக்கு', 'கிலோவுக்கு', 'நாளைக்கு', 'நூற்றுக்கு' என நான்காம் வேற்றுமை உருபு வீதத்தை உணர்த்துவது தமிழின் உயிருள்ள வழக்கு. வகுத்தலும் விகிதமும் சதவீதமும் இவ்வோர் உருபின் வழியே ஒன்றோடொன்று தொடர்புறுகின்றன. (3)-இல் அத்தொடர்பு மறைந்து, செயப்பாட்டு வினையும் 'எண்ணிக்கை என்ன' என்னும் பெயராக்கமும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. 'மும்மூன்று', 'நந்நான்கு' என எண்ணுப்பெயர் இரட்டித்துப் பகிர்வை உணர்த்தும் முறையும் தமிழில் உண்டு. ஒன்பது நீங்கிய எண்கள் இவ்வாறு இரட்டிக்கும் முறையை நன்னூல் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியில் கூறுகிறது. 'ஆளுக்கு மும்மூன்று கொடு' என்னும் தொடரில் வகுத்தலின் விடையே சொல்வடிவில் அமைந்துள்ளது. பயிற்சித்தாள்களில் இவ்வடிவம் இடம்பெறாமை ஓர் இழப்பாகும்.

4. எண்ணுருவும் வேற்றுமை உருபும்

'100-ஐ', '1000-இலிருந்து' என எண்ணுருவுக்குப் பின் சிறுகோடிட்டு உருபை ஒட்டும் முறை அச்சில் நிலைபெற்றுவிட்டது. எழுதுவோர்க்கு இது எளிது. வாசிக்கும் குழந்தையோ 'நூற்றை' எனவும் 'ஆயிரத்திலிருந்து' எனவும் படிக்க வேண்டும். 'நூறு' என்பது 'நூற்று' எனவும், 'ஆயிரம்' என்பது 'ஆயிரத்து' எனவும் உருபேற்கும்போது திரிவதை எண்ணுரு மறைத்துவிடுகிறது. முதலிரு வகுப்புத் தாள்களிலேனும் 'நூற்றை', 'எட்டிலிருந்து' என எழுத்தால் எழுதுவது நலம்.

எண்ணுப்பெயர்களின் அமைப்பும் கருதத்தக்கது. தமிழ் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் இடமதிப்பை வெளிப்படையாகக் காட்டுவன. 'இருபத்தொன்பது' என்பதில் இருபதும் ஒன்பதும் தெரிகின்றன. அதற்கு நேரான இந்திச் சொல் 'முப்பதிற்கு ஒன்று குறைவு' என்னும் அமைப்பை உடையது. நூறு வரை பெரும்பாலான பெயர்களைத் தனித்தனியே மனத்திற் கொள்ள வேண்டிய இந்திக் குழந்தையின் சுமை தமிழ்க் குழந்தைக்கு இல்லை. ஆனால் ஒன்பதின் வரிசை இதற்கு விலக்கு. 'தொண்ணூறு' என்பதில் நூறும், 'தொள்ளாயிரம்' என்பதில் ஆயிரமும் ஒலிக்கின்றன. மலையாளத்திலும் இவ்வாறே. கன்னடமும் தெலுங்கும் தொள்ளாயிரத்தை 'ஒன்பது நூறு' என்னும் பொருள்பட அமைத்துக்கொண்டன. இந்தியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ பெயர்க்கப்படும் இடமதிப்புப் பயிற்சி இவ்விலக்கைக் கருத்திற் கொண்டிருக்க இயலாது. தொள்ளாயிரத்திற்கெனத் தனிப் பயிற்சி தமிழ்த் தாளில் சேர்க்கப்பட வேண்டும்.

5. பின்னத்தின் திசை

2/3 என்பதைத் தமிழ் 'மூன்றில் இரண்டு' என்கிறது. முழுமை எத்தனை பங்காக்கப்பட்டது என்பது முதலிலும், எத்தனை பங்கு எடுக்கப்பட்டது என்பது பின்னரும் கூறப்படுகின்றன. செயல் நிகழும் வரிசையும் இதுவே. ஆங்கிலமும் இந்தியும் தொகுதியை முதலில் கூறுவன. கன்னடம் தமிழைப் போன்றே பகுதியை முதலில் கூறுகிறது.

மியுரா முதலானோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு கொரிய, குரோவேஷிய, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டு, பங்கின் பொருளை வெளிப்படுத்தும் கொரியப் பின்னப் பெயர்கள் அக்குழந்தைகளுக்குத் துணைபுரிவதாகக் கருதியது. பெயிக், மிக்ஸ் ஆகியோர் 2003-இல், பங்கின் பொருளை வெளிப்படுத்துமாறு பின்னத்தின் பெயர் மாற்றப்பட்டால் அமெரிக்கக் குழந்தைகளும் நன்கு விடையளிப்பதைக் காட்டினர். மொழியே அனைத்தையும் முடிவு செய்கிறது என்னும் கூற்றை இது தளர்த்துகிறது. எனினும் பெயரின் அமைப்பு கற்றலில் செயற்படுகிறது என்பதை உறுதிப்படுத்துகிறது.

நம் வகுப்பறைகளிலோ '2/3' என்னும் வடிவம் 'இரண்டு பை மூன்று' என்றே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. பையில் ஏதும் இல்லை. அது பொருளற்ற ஒலியாகவே குழந்தைக்குச் சென்று சேர்கிறது. பின்னத்திற்கு அரை, கால், முக்கால், அரைக்கால், மா, காணி, முந்திரி எனப் பெயர்களை வகுத்து, 1/320 வரை எண்சுவடியில் மனனம் செய்வித்த மொழி இது. அம்முறைக்கு மீள வேண்டும் என்பது வாதமன்று. 'அரை', 'கால்', 'முக்கால்' ஆகியவை வீட்டு வழக்கில் இன்றும் உள்ளன. அவற்றிலிருந்து 'மூன்றில் இரண்டு' என்பதற்குச் செல்வதே இயல்பான ஏற்பாடு. '12-இல் 2/3 பங்கு' என்று எழுதப்படுமிடத்தில் 'பன்னிரண்டில் மூன்றில் இரண்டு பங்கு' என எழுத்தாலும் தருதல் வேண்டும். அங்கு '-இல்' இருமுறை வருவதும், முதலாவது முழுமையையும் இரண்டாவது பங்கீட்டையும் குறிப்பதும் ஆசிரியர் விளக்கவேண்டியவை.

6. ஒப்பீட்டுத் தொடர்கள்

(5) கமலாவிடம் 9 புளியங்கொட்டைகள் உள்ளன. இது முருகனிடம் உள்ளதைவிட 4 அதிகம். முருகனிடம் எத்தனை உள்ளன?

விடை 5. 'அதிகம்' என்னும் சொல்லைக் கண்டவுடன் கூட்டி 13 என்று எழுதுவது எதிர்பார்க்கத்தக்க பிழை. லூயிஸ், மேயர் ஆகியோர் 1987-இல் ஆங்கிலத்தில் விளக்கிய பிழையும் இத்தகையதே. 'அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' எனக் குறிப்புச் சொல்லைக் கொண்டு கணக்கிடப் பழக்கும் பாடங்கள் இப்பிழையை வளர்க்கின்றன.

ஆயினும் (5)-ஐ எளிமையாக்கி 'முருகனிடம் 4 குறைவாக உள்ளன' என மாற்றிவிட்டால் அக்கணக்கின் கருத்தே போய்விடும். உறவைத் திருப்பிப் பார்ப்பதே அங்குக் கற்பிக்கப்படுவது. எனவே கணிதத்திற்குரிய கடினம் வேறு, மொழிபெயர்ப்பால் வந்து சேர்ந்த கடினம் வேறு. முன்னது காக்கப்பட வேண்டும். பின்னது நீக்கப்பட வேண்டும். மேலே காட்டிய (2) பின்னதற்கும், (5) முன்னதற்கும் எடுத்துக்காட்டுகள்.

நீக்கப்பட வேண்டிய பிறிதோர் அமைப்பு 'மடங்கு அதிகம்' என்பதாகும். 'விலை ஒரு மடங்கு அதிகமாயிற்று' எனின் வழக்கில் இருமடங்காயிற்று என்று பொருள். அவ்வழியே நோக்கின் 'இரண்டு மடங்கு அதிகம்' என்பது மும்மடங்காதல் வேண்டும். பலரும் அதனை இருமடங்கு என்றே கொள்கின்றனர். இருபொருள்படும் இத்தொடரைக் கணக்கில் இடுவது குழந்தையின் அறிவைச் சோதிப்பதாகாது. 'மூன்று மடங்கு' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

7. நீண்ட பெயரெச்சத் தொடர்கள்

(6) வியாபாரி ஒருவர் டசன் ரூ.48 வீதம் வாங்கிய 5 டசன் பழங்களில் அழுகிய 8 பழங்கள் போக மீதமுள்ளவற்றை ஒன்று ரூ.6 வீதம் விற்றால் அவருக்குக் கிடைக்கும் இலாபம் எவ்வளவு?

வாழ்க்கைக் கணக்குகளில் இவ்வகைத் தொடரே மிகுதியாகக் குறை கூறப்படுகிறது. இக்குறை முழுதும் நேரியதன்று. பெயரெச்சங்கள் இடப்புறம் அடுக்கி வருவதால் செய்திகள் நிகழ்ச்சி வரிசையிலேயே அமைந்துள்ளன: வாங்குதல் 240 ரூபாய், எஞ்சிய பழங்கள் 52, விற்பனை 312 ரூபாய், இலாபம் 72 ரூபாய். வரிசையில் பிழையில்லை, நின்று சிந்திக்க இடமில்லை என்பதே குறை. முற்றுவினை வராத வரை குழந்தை அனைத்தையும் நினைவில் தாங்க வேண்டியுள்ளது. 'வாங்கினார்', 'அழுகிவிட்டன', 'விற்றார்' என மூன்று முற்றுகளாகப் பிரித்தால் வரிசை கெடாமலேயே சுமை குறையும். மேல் வகுப்புகளில் (6)-ஐ ஒத்த தொடர்களையும் படிப்படியாக அறிமுகப்படுத்தலாம்.

8. முடிவுரை

ஆங்கில வரிசையைத் தொடக்கத்திலேயே பழக்கினால் உயர்கல்வியில் உதவும் என்று வாதிடுவோர் உளர். உயர்கல்விக்குரிய தொடரை உயர்வகுப்பில் கற்பிக்கலாம். இரண்டாம் வகுப்பில் அது கழித்தலையே மறைத்துவிடும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் நியூமன் 1977-இல் வாழ்க்கைக் கணக்குப் பிழைகளை வாசித்தல், புரிந்துகொள்ளல், கணிதமாக்கல், செய்முறை, விடையெழுதல் என ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். இப்பகுப்பைத் தமிழ்ப் பயிற்சித்தாள் உருவாக்கத்திற்கும் பயன்படுத்தலாம். தாளை அச்சிடுமுன் சில குழந்தைகளை உரக்க வாசிக்கச் செய்து, வினவப்படுவது யாது என்று அவர்தம் சொற்களில் கூறச் செய்தல் வேண்டும். முதலிரு படிகளிலேயே பலர் தடுமாறுவாராயின் திருத்தப்பட வேண்டியது தொடரே.

மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்: வேற்றுமைத் தொடர்களைக் குறியீட்டு வரிசைக்கு இணங்க நிறுத்துதல், வீதத்திற்கு நான்காம் வேற்றுமையைப் பயன்படுத்துதல், தொடக்க வகுப்புகளில் உருபேற்ற எண்களை எழுத்தால் எழுதுதல், பின்னத்தைத் தமிழ்த் திசையில் வாசிக்கச் செய்தல், இருபொருள்படும் 'மடங்கு அதிகம்' என்பதை விலக்குதல், நீண்ட தொடர்களை முற்றுவினைகளால் பிரித்தல். இவற்றுள் எதற்கும் புதிய கலைச்சொல் தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.