விழாவும் வாசிப்பும்: ஜொகூர்த் தமிழ் வாசகர் நோக்கில் இலக்கிய விழாக்கள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழர் வாழ்வில் இலக்கியமும் விழாவும் நெடுங்காலமாக இணைந்தே வந்துள்ளன. புகார் நகரத்து இந்திரவிழாவை விவரிக்கும் மணிமேகலை, அவ்விழாக் காலத்தில் அறிஞர் கூடி வாதிடும் பட்டிமண்டபத்தையும் குறிப்பிடுகின்றது. கம்பராமாயணமும் பெரியபுராணமும் கந்தபுராணமும் அவையோர் முன்னிலையில் அரங்கேறியதாக மரபு கூறும். இன்று உலகெங்கும் நடைபெறும் இலக்கிய விழாக்கள் மேலைநாட்டு அமைப்பு முறையைத் தழுவியனவாயினும், படைப்பாளனும் வாசகனும் ஓரிடத்தில் கூடும் வழக்கம் நமக்குப் புதியதன்று.

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில் வாழும் தமிழ் வாசகரும் எழுத்தாளரும் சென்று பயன்பெறத்தக்க இலக்கிய விழாக்கள் எவை, அவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது, அவற்றிலிருந்து ஜொகூர் கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகின்றது.

அளவுகோல்

அரங்கேற்றம் என்னும் மரபுச் சொல்லே நமக்கு வேண்டிய அளவுகோலைத் தருகின்றது. அரங்கேற்றத்தில் நூல் முழுமையாக வாசிக்கப்பட்டது. அவையோர் ஐயங்களை எழுப்பினர். நூலாசிரியர் விடை கூறக் கடமைப்பட்டிருந்தார். தடையும் விடையும் முடிந்த பின்னரே நூல் ஏற்கப்பட்டது. இம்மரபு குறித்து வழங்கும் கதைகளின் வரலாற்று உண்மை ஒருபுறம் இருக்க, ஒரு சமுதாயம் நூலை எவ்வாறு வரவேற்க விரும்பியது என்பதை அவை தெளிவாகவே காட்டுகின்றன.

இதன் அடிப்படையில் எந்த இலக்கிய விழாவையும் நோக்கி மூன்று வினாக்களை நாம் எழுப்பலாம். முதலாவது, விழாவில் பேசப்படும் நூலை அங்குக் கூடியிருப்போர் முன்னரே வாசித்துள்ளனரா? இரண்டாவது, வாசகன் எழுந்து வினவுவதற்கு அங்கு இடமுண்டா? மூன்றாவது, விழா முடிந்த பின் நூலாகவோ பதிவாகவோ புதிய எழுத்தாகவோ எஞ்சுவது ஏதேனும் உண்டா? பங்கேற்ற எழுத்தாளர்களின் புகழும் மண்டபத்தின் அழகும் கூட்டத்தின் எண்ணிக்கையும் இவற்றுக்குப் பின்னரே வைத்து எண்ணப்பட வேண்டியவை.

ஜொகூரின் இருப்பு

ஜொகூரின் இலக்கிய வரலாற்றைச் சிங்கப்பூரிலிருந்து பிரித்துப் பார்த்தல் இயலாது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, கடற்பாலத்தைக் கடந்து தீபகற்பமெங்கும் வாசிக்கப்பட்டது. 1952இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், சிங்கப்பூரோடு நில்லாது மலாயாவின் நகரங்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவியது. சமய வேறுபாடு கடந்து தமிழரை ஒன்றுதிரட்டுவதே அதன் முதல் நோக்கமாயினும், எழுத்து, பேச்சு, கலைப் போட்டிகளைத் தன்னகத்தே கொண்டிருந்தமையால் அதனை இந்நாட்டின் முதற்பெரும் இலக்கிய விழாவாகவும் கருத இடமுண்டு. பால்மரம் சீவும் தொழிலாளி மேடையேறிக் கவிதை படிக்க அது வழிவகுத்தது.

1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது, அதுவரை ஒரே இலக்கியப் பரப்பாக இருந்தது இரண்டாயிற்று. கடற்பாலத்தில் கடப்பிதழ் முத்திரை விழுந்தது. மலேசியத் தமிழ் இலக்கியத்தின் இயக்கம் கோலாலம்பூரைச் சார்ந்ததாயிற்று. இதழ்களும் எழுத்தாளர் சங்கமும் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் அங்கேயே இருந்தன. ஜொகூர், தனக்கு அண்மையிலிருந்த மையத்தை இழந்து, தொலைவிலிருந்த மையத்தின் ஓரமாயிற்று. இருப்பினும் ஜொகூரில் வாழ்ந்த மா. இராமையா 1978இல் ‘மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு’ நூலை வெளியிட்டார். ஒரு நாட்டின் இலக்கிய வரலாற்றைத் தலைநகருக்கு வெளியே, ஜொகூரின் ஒரு சிறு நகரத்தில் இருந்தவர் எழுதினார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நமது விழாக்களின் இயல்பு

மலேசியத் தமிழ்ச் சூழலில் இலக்கிய விழா என்னும் பெயரில் பெரும்பாலும் நிகழ்வது நூல் வெளியீட்டு விழாவே ஆகும். அதன் நிகழ்ச்சி நிரலை அறியாதார் இலர். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, மாலை, முதல் நூல் பெறுதல், தொடர்ந்து நூல் பெறுவோர் வரிசை, நன்றியுரை, விருந்து. நூலாய்வு என்று ஓர் உரை இடையில் வைக்கப்பட்டிருப்பினும், அதற்குரிய நேரம் பிரமுகரின் தாமதத்தால் சுருங்கிவிடுவதைக் காண்கின்றோம். நூலை அன்றுதான் கையில் பெறும் அவையோர் அதனைப் பற்றி வினவ வழியில்லை. நமது அளவுகோலின் முதல் இரு வினாக்களுக்கும் இத்தகைய விழா விடை தருவதில்லை.

ஆயினும், இம்மரபை முற்றாக ஒதுக்குவது நேர்மையாகாது. தமிழ் நூல்களை விற்கும் கடைகள் அருகிவிட்ட நிலையில், சில நூறு படிகளை அச்சிடும் எழுத்தாளர் தம் செலவை மீட்கும் இடம் அந்த ஒரு மாலைப்பொழுதே. முதல் நூலுக்கு விலையினும் பன்மடங்கு தந்து பெறும் புரவலர், பல வேளைகளில் அதனைப் படிக்கமாட்டார். எனினும் அவர் தரும் தொகையின்றி அடுத்த நூல் அச்சேறாது. எனவே நூல் வெளியீடு ஒரு பொருளாதார ஏற்பாடு என்ற அளவில் நிலைத்திருக்கட்டும். அதனையே இலக்கிய விழா என்று கொண்டு மனநிறைவு அடைவதைத்தான் நாம் குறையெனக் கருதுகின்றோம்.

இதற்கு மாறான முயற்சிகளும் இந்நாட்டில் நிகழ்ந்துள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி, பரிசளிப்பு விழாவோடு முடியாமல் ‘பேரவைக் கதைகள்’ என்னும் தொகுப்புகளை விட்டுச் சென்றது. இன்றைய ஆய்வாளர்க்கு அவை முதன்மைச் சான்றுகள். வல்லினம் குழுவினர் 2009இல் தொடங்கிய கலை இலக்கிய விழா, நூல்களின் வெளியீட்டை விவாதத்தோடு இணைத்தது. 2014இல் அக்குழு, ‘லங்காட் நதிக்கரை’ ஆசிரியர் அ. ரெங்கசாமிக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. வல்லினத்தின் விமர்சனப் போக்கோடு உடன்படாதோர் பலர் உளர். உடன்பாடு, மறுப்பு ஆகிய இரண்டும் படைப்பை முன்னிட்டு எழுந்தன என்பதே நமக்கு முக்கியம்.

சென்று காணத்தக்க விழாக்கள்

ஜொகூர் வாசகருக்கு மிக அண்மையில் உள்ளது சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. 1986இல் தொடங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெற்ற இவ்விழா, 2011 முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளுக்கும் இடமளிப்பது இதன் தனிச்சிறப்பு. தமிழ் எழுத்தாளர் பிறமொழியாளரோடு ஒரே மேடையில் அமர்வதைக் காணும் வாய்ப்பு நம் விழாக்களில் அரிது. குறையும் உண்டு. தமிழ் அமர்வுக்குத் தமிழரே வருவர். ஆங்கில அமர்வில் தமிழ் இலக்கியம் பேசுபொருளாவது குறைவு. நான்கு மொழிகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பினும், இடையே உள்ள சுவர்கள் முற்றாக நீங்கிவிடவில்லை. மேலும், ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் தரவேண்டிய நிலையில், நுழைவுச்சீட்டும் போக்குவரத்தும் உணவும் குளுவாங்கிலிருந்து வரும் மாணவருக்குச் சுமையே. ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூரில் நடைபெறும் தமிழ்மொழி விழாவில் கட்டணமின்றிக் கலந்துகொள்ளத்தக்க நிகழ்ச்சிகள் பல உள்ளமையால், முதன்முறை செல்வோருக்கு அதனையே நாம் பரிந்துரைப்போம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா 2011இல் தொடங்கியது. 2018இல் இலண்டன் புத்தகக் கண்காட்சியின் அனைத்துலகச் சிறப்பு விருதை இலக்கிய விழாக்களுக்கான பிரிவில் பெற்றது. முதன்மையாக ஆங்கில விழாவாகவே வளர்ந்த அதில், அண்மைய ஆண்டுகளில் தமிழுக்கும் இடம் கிடைத்துள்ளது. பன்மொழி நாட்டின் விழா பன்மொழி விழாவாகவே இருத்தல் வேண்டும் என்பதால் இம்மாற்றம் வரவேற்கத்தக்கது.

நமது அளவுகோலின் முதல் வினாவுக்கு மிகச் சிறந்த விடை தருவது கோயம்புத்தூரில் டிசம்பர் மாதத்தில் நடைபெறும் விஷ்ணுபுரம் இலக்கிய விழா. 2010 முதல் வழங்கப்படும் அவ்விருது, 2017இல் கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமிக்கு அளிக்கப்பட்டது. விருது வழங்கும் நிகழ்ச்சிக்கு முன்னரே எழுத்தாளர்களோடு நீண்ட உரையாடல் அமர்வுகள் நடைபெறுவதும், விருது பெறுபவரின் படைப்புகளை வாசகர்கள் வாசித்து வந்து வினவுவதும் அவ்விழாவின் நடைமுறை. ‘மண் புழுக்கள்’ போன்ற ஒரு தோட்டப்புற நாவலை எழுதியவர், தம் எழுத்தைப் படித்த வாசகர் கூட்டத்தைக் கோவையில் சந்தித்தார். அதே நாவலை ஜொகூரின் தமிழாசிரியர் எத்தனை பேர் வாசித்துள்ளனர் என வினவினால், விடை நமக்குப் பெருமை தருவதாக இராது. அவ்விழா ஓர் எழுத்தாளரைச் சுற்றி அமைந்த வட்டத்தின் ரசனையைப் பெரிதும் சார்ந்தது என்னும் விமர்சனத்தையும் இங்குக் குறிப்பிடுதல் முறை.

தமிழ்நாட்டு அரசு 2022 நவம்பரில் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழாவோடு தொடங்கிய வரிசை, வைகை, காவிரி, சிறுவாணி என ஆறுகளின் பெயரால் வட்டார இலக்கியங்களைப் பகுத்துக் கொண்டாடியது. அரசு விழாக்களுக்கே உரிய ஆரவாரம் அவற்றில் இருந்தபோதிலும், இலக்கியத்தை அது பிறந்த நிலத்தில் வைத்துப் பேசுவது திணைக் கோட்பாட்டை அறிந்த நமக்கு உவப்பானதே.

ஒரு விழாவுக்குச் செல்வதா தவிர்ப்பதா என்பதே விவாதப் பொருளாவதும் உண்டு. 2011 ஜனவரியில் கொழும்பில் நடைபெற்ற அனைத்துலகத் தமிழ் எழுத்தாளர் மாநாடு, போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறாத சூழலில் கூடியமையால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதே ஆண்டில் காலி இலக்கிய விழாவையும் புறக்கணிக்குமாறு குரல்கள் எழுந்தன. கூடிப் பேசுவதே மீட்சிக்கு வழி என்றோரும், கூடுவதே அநீதிக்கு ஒப்புதல் என்றோரும் தத்தம் நியாயங்களைக் கொண்டிருந்தனர். எழுத்தாளன் தன் வருகையாலும் ஒரு கருத்தைச் சொல்கிறான் என்பதை அந்நிகழ்வுகள் உணர்த்தின.

ஜொகூர் கற்கத்தக்கது

மேற்கூறியவற்றுள் எதனையும் அவ்வாறே பெயர்த்து நடுதல் ஜொகூருக்குப் பொருந்தாது. பெருநிதியும் நிலையான அமைப்பும் இல்லாத நிலையில், நமக்கு நெருக்கமான முன்மாதிரி புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் இலக்கியச் சந்திப்பு என்பது எமது கருத்து. 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய அச்சந்திப்பு, நிரந்தரத் தலைமை ஏதுமின்றி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நகரத்தினர் பொறுப்பேற்க, ஐரோப்பாவெங்கும் நடந்து, 2013இல் தன் 41ஆவது கூடலை யாழ்ப்பாணத்தில் நிகழ்த்தியது. கால் நூற்றாண்டு அதனை நடத்தியவர்களுள் பெரும்பாலோர் வாழ்க்கைப்பாட்டுக்காக அயராது உழைத்த அகதிகள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிகாமட், குளுவாங், மூவார், பத்து பகாட், ஜொகூர் பாரு ஆகிய ஐந்து நகரங்களும் ஆண்டுக்கு ஒன்றாகப் பொறுப்பேற்கலாம். ஒரு நாள், ஒரு நூல் என்று வரையறுத்து, மூன்று மாதங்களுக்கு முன்னரே அந்நூலின் படிகளை வாசகர்க்குச் சேர்ப்பித்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி மண்டபம் ஒன்று போதும். பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில் சில மாணவர்க்கு நூல் வாங்கித் தரலாம். அரசியலார் வரின் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். கூட்டத்தில் எழுந்த வினாவும் விடையும் எழுத்தில் பதிவாகி அடுத்த ஆண்டுக்குள் சிறு நூலாக வெளிவருதல் வேண்டும். முதற்கூடலை மா. இராமையாவின் வரலாற்று நூலை முன்வைத்து நடத்துவது பொருத்தமாகும். அந்நூல் விட்டுச் சென்ற இடைவெளிகளை அங்குக் கூடுவோரே சுட்டிக்காட்டலாம். அவ்வாறு செய்வதே அவருக்குச் செலுத்தும் மதிப்பும் ஆகும்.

இதில் காலம் கடத்துதல் ஆகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. தோட்ட வாழ்வை நேரில் கண்டு எழுதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்தம் நூல்கள் மறுபதிப்புக் காணாமல் பழைய அலமாரிகளில் உள்ளன. எழுதியவர் இருக்கும்போதே அவரிடம் வினவக்கூடியவற்றை, அவர் மறைந்த பின் ஆய்வேடுகளில் ஊகித்து எழுதுவது நம் துறையின் வழக்கமாகிவிடக் கூடாது.

முடிவுரை

இலக்கிய விழாவின் தகுதியை அங்கு வாசிக்கப்பட்டதும் வினவப்பட்டதும் எஞ்சியதும் ஆகிய மூன்றாலும் அளத்தல் வேண்டும் என இக்கட்டுரை கருதுகின்றது. அவ்வகையில் பிறமொழி உறவை அறியச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும், வாசகனின் ஆற்றலை அறியக் கோவைக்கும், இயன்றோர் சென்று வருதல் நலம். செல்ல இயலாதோர் எண்ணிக்கையே மிகுதி என்பதால், ஒரு நூலைப் படித்துவிட்டுப் பத்துப் பேர் கூடும் கூட்டத்தை இம்மாநிலத்திலேயே தொடங்குதல் இன்றியமையாதது. அதற்கான முதல் அழைப்பை விடுக்கும் பொறுப்பு, இலக்கியம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நம்மையே முதலில் சாரும்.